பத்து டாலர் நோட்டில் இருக்கும் மேரி கில்மோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவர்களுக்கு மேரி கில்மோரின் முகம் நன்றாகப் பழகிய முகம். பெயர்தான் பலருக்குத் தெரியாது. கடையில் மீதி வாங்கும்போது யாராவது கேட்பார்கள். பள்ளியில் ஆஸ்திரேலியக் கவிஞர் ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். இவரை நான் விரும்பிப் படிக்கிறவன் என்பதால் அந்தக் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பத்து டாலர் நோட்டில் இருக்கிற அந்த அம்மா யாருங்க?

மேரி கில்மோர். கவிஞர், பத்திரிகை எழுத்தாளர். 1865 ஆகஸ்ட் 16 அன்று நியூ சவுத் வேல்ஸில் கோல்பர்ன் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். 1962 டிசம்பர் 3 அன்று சிட்னியில், 97 வயதில் காலமானார். கடைசி வருடம் வரை எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

எங்கே பார்த்தாலும் கவிஞர் என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பத்திரிகைக்காரர் என்று சொல்வேன். அவருடைய கவிதைகள்கூட வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரும் ஒரு தொழிலாளியையோ அவன் மனைவியையோ மனதில் வைத்து எழுதியவை. பெரும்பாலும் சின்னக் கவிதைகள். ஒரு தடவை படித்தாலே புரியும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்களுக்கு வழி கிடைத்துவிடும்.

நோட்டின் மறுபக்கம் தொப்பி போட்ட ஒருத்தர் இருக்காரே, அவர்தான் கணவரா?

இல்லை. அவர் ஆண்ட்ரூ பார்ட்டன் பேட்டர்சன் (1864–1941). பேஞ்சோ என்ற புனைபெயரில் எழுதியவர். வக்கீல், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்குப் போன செய்தியாளர், அப்புறம் சிட்னி ஈவனிங் நியூஸ் பத்திரிகையின் ஆசிரியர். ஆக நோட்டின் இரண்டு பக்கமும் கவிதையும் பத்திரிகையும் சேர்ந்த ஆட்கள்தான்.

இவர்கள் இருவரும் 1993-ல் பிளாஸ்டிக் நோட்டு வந்தபோது இடம்பிடித்தார்கள். 2017-ல் நோட்டைப் புதிதாக வடிவமைத்தபோதும் இருவரையும் மாற்றவில்லை. வாட்டில் பூவும் மஞ்சள் கொண்டை வைத்த காக்கட்டூ பறவையும் புதிதாகச் சேர்ந்தன. அதற்கு முன்னால், 1966-ல் டாலர் வந்த காலத்துப் பத்து டாலர் காகித நோட்டில் இருந்தவர் ஹென்றி லாசன் என்கிற இன்னொரு எழுத்தாளர். அவர் இந்தக் கதையில் மறுபடியும் வருவார்.

வசதியான குடும்பமா? பெரிய படிப்பு படிச்சவங்களா?

இரண்டும் இல்லை. அப்பா டொனால்ட் கேமரன் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பத்தோடு கிளம்பிவிடுவார். அதனால் மேரி கேமரன் (கல்யாணத்துக்கு முந்தைய பெயர்) வாகா வாகா வட்டாரத்தில் ஊர் ஊராக வளர்ந்தார். பள்ளிப் படிப்பும் விட்டுவிட்டுத்தான் நடந்தது. பதின்ம வயதிலேயே சின்னப் பள்ளிகளில் உதவிக்குச் சேர்ந்து, வேலை பார்த்தபடியே ஆசிரியர் ஆனார்.

1887-ல் சில்வர்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போனார். புரோக்கன் ஹில்லுக்குப் பக்கத்தில், வெள்ளி தோண்டுகிறவர்கள் கூடியிருந்த வறண்ட ஊர். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதைக் கிட்டே இருந்து பார்த்தது அங்கேதான். தொழிலாளர் பக்கம் நிற்பது என்று அவர் எடுத்த முடிவு புத்தகம் படித்து வந்ததல்ல. தன் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

டீச்சரா இருந்தவங்க எப்படிப் பத்திரிகைக்கு வந்தாங்க?

1890-ல் சிட்னிக்கு மாற்றலாகி வந்தார். அந்த வருடம்தான் கப்பல், துறைமுகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த வருடம் குவீன்ஸ்லாந்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். இரண்டுமே தோற்றன. தோற்ற போராட்டங்களின் சூட்டில் சிட்னியில் ஏகப்பட்ட பத்திரிகைகள், கூட்டங்கள், சண்டைகள். லூயிசா லாசன் என்ற பெண்மணி 1888-லிருந்து 'தி டான்' என்று பெண்களுக்கான பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். அச்சுக்கோர்ப்பதுகூடப் பெண்கள்தான். அந்த லூயிசாவின் மகன்தான் ஹென்றி லாசன். மேரி இந்த வட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்.

ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் என்று இவரைப் பற்றிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தம்பி ஜான் பெயரில் சங்க வேலை செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதைகளை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பின்னால் ஒரு கேள்வி வருகிறது, அங்கே பார்ப்போம்.

ஹென்றி லாசனும் இவங்களும் காதலிச்சாங்களாமே?

நெருங்கிய நட்பு இருந்தது உண்மை. லாசன் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதாக மேரி பிற்காலத்தில் எழுதினார். அவர் பக்கத்துக் கதை மட்டும்தான் விரிவாகக் கிடைக்கிறது, அதனால் ஆய்வாளர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. லாசன் 1896-ல் பெர்த்தா என்பவரை மணந்தார். அந்த நேரத்தில் மேரி தென் அமெரிக்காவில் இருந்தார். 1902-ல் ஊர் திரும்பும் வழியில் லண்டனில் லாசன் குடும்பத்தோடு தங்கினார் என்பதால் நட்பு முறிந்துபோகவில்லை என்று தெரிகிறது.

இதற்கு மேல் இந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. எழுபது வருடம் எழுதிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

தென் அமெரிக்காவா? அங்கே எதுக்குப் போனாங்க?

மேலே சொன்ன வேலைநிறுத்தங்கள் தோற்ற பிறகு வில்லியம் லேன் என்ற பத்திரிகையாளர் ஒரு யோசனை சொன்னார். இந்த நாட்டில் முதலாளிகளை ஜெயிக்க முடியாது. வேறு எங்காவது போய் எல்லோரும் சமமாக உழைத்து, சமமாகச் சாப்பிடும் ஒரு குடியிருப்பைக் கட்டுவோம் என்றார். பராகுவே அரசு நிலம் கொடுக்க முன்வந்தது. 1893 ஜூலையில் 'ராயல் டார்' என்ற பாய்மரக் கப்பலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சிட்னியிலிருந்து கிளம்பினார்கள். அந்தக் குடியிருப்புக்குப் பெயர் நியூ ஆஸ்திரேலியா. அதன் விதிகளில் ஒன்று யாரும் குடிக்கக் கூடாது என்பது. அதை வைத்தே சண்டை வந்து, ஒரு வருடம் ஆவதற்குள் லேன் தன் ஆட்களைப் பிரித்துக்கொண்டு போய் 1894-ல் கோஸ்மே என்று இன்னொரு குடியிருப்பைத் தொடங்கினார்.

கோஸ்மேயில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அரசாங்க வேலையை விட்டுவிட்டு, 1895 கடைசியில் தனியாகக் கப்பலேறி, 1896 ஜனவரியில் மேரி அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30. அங்கே இருந்த வில்லியம் கில்மோர் என்ற ரோமம் கத்தரிக்கும் தொழிலாளியை 1897-ல் மணந்தார். அடுத்த வருடம் மகன் பிறந்தான். ஆனால் குடியிருப்பு தேறவில்லை. பணம் இல்லை, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். லேனே 1899-ல் போய்விட்டார். கில்மோர் குடும்பமும் அதே வருடம் வெளியேறியது. ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் சேர்க்கவே வருடக்கணக்கானது. கணவர் படகோனியாவின் ஆட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தார். மேரி ரியோ கயேகோஸ் ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். 1902-ல்தான் ஆஸ்திரேலியா திரும்ப முடிந்தது.

அந்தக் காட்டுக்குள்ளேயும் பத்திரிகை நடத்தினாங்கன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம். 'கோஸ்மே ஈவனிங் நோட்ஸ்' என்று பெயர். அச்சு இயந்திரம் கிடையாது. கையால் எழுதி, வேலை முடிந்து எல்லோரும் கூடும் மாலை நேரத்தில் உரக்கப் படித்துக்காட்டுவார்கள். வாசகர்கள் நூறு பேர் சுமாருக்குத்தான் இருக்கும். எல்லோரும் பகலெல்லாம் வயலில் நின்றவர்கள்.

ஒரு எழுத்தாளருக்கு இதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது. எழுதியது சலித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும். வாக்கியம் நீண்டால் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். பிற்காலக் கவிதைகளில் தெரியும் சிக்கனமும், வாய்விட்டுப் படிக்கும்போது வரும் ஓசையும் இங்கே படிந்தவை என்பது என் எண்ணம்.

தி ஒர்க்கர் பத்திரிகையில் என்ன வேலை பார்த்தாங்க?

பெண்கள் பக்கத்தை நடத்தினார். 1908 ஜனவரியில் தொடங்கி 1931 பிப்ரவரி வரை, 23 வருடம். தி ஒர்க்கர் என்பது தொழிலாளர் சங்கத்தின் வாரப் பத்திரிகை. ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளுக்கும் பண்ணைகளுக்கும் போகும் பத்திரிகை. பெண்களுக்கு அதில் ஒன்றுமில்லையே என்று மேரி ஆசிரியர் ஹெக்டர் லமாண்டிடம் கேட்டதற்கு, நீங்களே எழுதுங்கள் என்று பக்கத்தை அவரிடமே கொடுத்துவிட்டார்.

அப்போது மேரி இருந்தது சிட்னியில் அல்ல. விக்டோரியா மாநிலத்தின் மேற்குக் கோடியில், காஸ்டர்டன் பக்கம் கணவரின் குடும்பம் இருந்த இடத்தில். பக்கத்தில் எழுத்து வாசனையே இல்லாத ஊர். அங்கிருந்து வாராவாரம் தபாலில் எழுதி அனுப்பினார். வாசகிகளும் அவரைப் போலவே தொலைதூரத்தில் தனியாகக் கிடந்த பெண்கள். ரேடியோ வராத காலம். கணவன் மாதக்கணக்கில் வேலை தேடிப் போயிருப்பான், வீட்டில் பிள்ளைகளோடு ஒருத்தி இருப்பாள். அவளுக்கு வெளியுலகம் என்பது தபாலில் வரும் அந்த ஒரு பக்கம்தான். அவள் கடிதம் எழுதுவாள், மேரி அச்சில் பதில் சொல்வார்.

விஷயங்கள் என்னென்ன என்றால், தேர்தலில் ஓட்டு எப்படிப் போடுவது, யாருக்குப் போடுவது என்று யோசிப்பது, முதியோர் ஓய்வூதியம், உடல் முடியாதவர்களுக்கான உதவித்தொகை, பிரசவ காலச் சிரமங்கள், யுத்தத்திலிருந்து திரும்பி வந்த சிப்பாய்களின் கதி. குழந்தைகளுக்கு அரசு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று எத்தனையோ வருடம் எழுதினார். நியூ சவுத் வேல்ஸில் 1927-ல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் வந்தது, நாடு முழுக்க 1941-ல் வந்தது. இவர் ஒருவரால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டிக்காட்டு வீடுகளுக்குள் அந்தப் பேச்சைக் கொண்டுபோனதில் இவர் பங்கு பெரியது.

சமையல் குறிப்புகூடப் போட்டாங்களாமே? அப்புறம் என்ன புரட்சி?

போட்டார். வாசகிகள் அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்து 'ஒர்க்கர் குக் புக்' என்று புத்தகமே வந்தது. குறைந்த சாமானில், குறைந்த காசில் எப்படிச் சமைப்பது என்பதுதான் அதில் விஷயம். கூலியை நம்பி இருக்கும் வீட்டில் அடுப்படிச் செலவு அரசியல் இல்லாமல் வேறு என்ன? ஓட்டுரிமையும் இறைச்சி மிச்சத்தை என்ன செய்வது என்பதும் ஒரே பக்கத்தில் இருந்ததால்தான் அந்தப் பக்கத்தைப் பெண்கள் படித்தார்கள்.

கணவரை விட்டுப் பிரிஞ்சுட்டாங்களா?

சேர்ந்து வாழவில்லை, விவாகரத்தும் இல்லை. 1912-ல் மேரி மகனைக் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்துவிட்டார். கணவர் குவீன்ஸ்லாந்தின் க்ளோன்கரி பக்கம் தன் சகோதரரோடு நிலம் எடுத்துப் போனார். பிறகு மகனும் அப்பாவிடமே போய்ச் சேர்ந்தான். கடிதப் போக்குவரத்து கடைசி வரை இருந்தது. 1945-ல் கணவர், மகன் இருவருமே சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். 1962-ல் மேரிக்கு அரசு மரியாதையோடு சிட்னியில் இறுதிச்சடங்கு நடந்தது. 1922-ல் ஹென்றி லாசனுக்கு நடந்த பிறகு ஒரு எழுத்தாளருக்கு அப்படி நடந்தது அப்போதுதான். அதன் பின் அவருடைய அஸ்தியை க்ளோன்கரிக்குக் கொண்டுபோய்க் கணவரின் கல்லறையில் வைத்தார்கள்.

எந்தக் கவிதையிலிருந்து ஆரம்பிக்கலாம்? என் ஆங்கிலம் சுமார்தான்.

அப்படியானால் இவர் உங்களுக்குச் சரியான கவிஞர். 'நேஷனாலிட்டி' என்ற எட்டு வரிக் கவிதையில் தொடங்குங்கள். அதில் பேசுகிறவள், வெறுப்பையும் கசப்பையும் தாண்டி வந்துவிட்டேன், உலகம் ஒன்று என்று எனக்குத் தெரிகிறது என்கிறாள். ஆனாலும் என் மகன் என் மகன்தான் என்கிறாள். அப்புறம், எல்லா மனிதரும் கடவுளின் வட்ட மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோருக்கும் சோறு போட்டாக வேண்டும். ஆனால் என் கையில் இருக்கும் இந்த ரொட்டி, இது என் மகனுக்கு உரியது என்று முடிக்கிறாள். பொதுவுடைமைக் குடியிருப்பில் வாழ்ந்து பார்த்த ஒருத்தி எழுதியது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். உலக சமத்துவத்தை மனதார நம்பியவர், அந்த நம்பிக்கை எங்கே வந்து முட்டும் என்பதை மறைக்காமல் சொல்கிறார். இதற்கு இணையாக அவர் எழுதியவை சிலதான்.

அடுத்து 'ஓல்ட் பாட்டனி பே'. இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தி அனுப்பப்பட்ட கைதி ஒருவன், மூட்டு விறைத்துப்போன கிழவனாகப் பேசுகிறான். நீங்கள் இன்று சுகமாக நடக்கிற பாதையைப் போட்டவன் நான் என்கிறான். கைதி வம்சம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு ஆஸ்திரேலியர்கள் அதை மூடி மறைத்த காலத்தில் எழுதியது. நம்மை உயர்த்திவிட்ட அந்த முடிச்சு விழுந்த கைகளை மறுக்கிற வாய்க்கு வெட்கம் என்கிறது கவிதை. மூன்றாவதாக 'ஈவ் சாங்'. ஆணின் மனதைக் கட்டி வைக்க நூல் நூற்கும் பெண்ணைப் பற்றியது. நான் சொன்ன வரிசையில் படித்தால் அதன் கசப்பு சரியாகப் பிடிபடும்.

நோட்டில் பொடி எழுத்தில் ஒரு கவிதை இருக்குன்னு சொல்றாங்க, எந்தக் கவிதை?

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். கள்ள நோட்டைத் தடுக்க, இரண்டு கவிஞர்களின் வரிகளையும் மிகச் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மேரி பக்கம் இருப்பது 'நோ ஃபோ ஷால் கேதர் அவர் ஹார்வெஸ்ட்'. 1940 ஜூனில், பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்த அந்த மாதத்தில், 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' பத்திரிகையில் வந்தது. எங்கள் விளைச்சலை எதிரி அறுக்க மாட்டான், எங்கள் தொழுவத்து வேலியில் ஏறி உட்கார மாட்டான் என்ற பல்லவி திரும்பத் திரும்ப வரும். பயந்து போயிருந்த நாட்டுக்கு அது தெம்பு கொடுத்தது. அந்த வேலையைச் சரியாகச் செய்த கவிதை.

அவருடைய கவிதைகளில் சிறந்தது இது என்று நான் சொல்ல மாட்டேன். அதில் கூப்பிடப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள்: ஸ்காட்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து, அயர்லாந்து வழிவந்தவர்கள். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் அழைப்பில் இல்லை. அடுத்த கேள்வி இதிலிருந்துதான் வழக்கமாக வரும்.

நம்மள மாதிரி ஆட்களை அவங்க ஏத்துக்கிட்டிருப்பாங்களா? நிறவெறி இருந்துச்சா?

நேராகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பராகுவே குடியிருப்பில் குடிக்கத் தடை இருந்ததைச் சொன்னேன். இன்னொரு விதியும் இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் சேர முடியாது. லேன் அதில் வெறியாகவே இருந்தார். மேரி அதை ஏற்றுக்கொண்டுதான் போனார். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையைத் தி ஒர்க்கர் பத்திரிகை ஆதரித்தது. அதை நடத்திய சங்கம் ஆசியத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1912-ல் வந்த பிரசவ உதவிச் சட்டம் ஐந்து பவுண்டு கொடுத்தபோது ஆசியப் பெண்களையும் ஆதிக்குடிப் பெண்களையும் ஒதுக்கி வைத்தது. 1901-ல் வந்த குடியேற்றத் தடைச் சட்டத்தில், வேண்டாதவர்களைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்புவதற்கென்றே ஒரு எழுத்துத் தேர்வு இருந்தது, அது 1958-ல்தான் ஒழிந்தது. மேரியின் ஆயுளில் பெரும்பகுதி, சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு சாதாரணக் குடும்பம் சிட்னியில் வந்து குடியேறுவது நடக்காத காரியம்.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. வயது ஏற ஏற அவர் எழுத்தில் ஆதிக்குடிகள் மேல் வெள்ளையர் செய்த கொடுமை முன்னுக்கு வந்தது. 1932-ல் வந்த 'அண்டர் தி வில்காஸ்' தொகுப்பில் அது பெரிய இடம் பிடிக்கிறது. 1954-ல், 89 வயதில், 'ஃபோர்ட்டீன் மென்' தொகுப்பை வெளியிட்டார். தலைப்புக் கவிதையில், வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போகும் ஒரு சிறுமி, மரங்களில் தொங்கும் பதினான்கு சீனர்களைப் பார்க்கிறாள். தங்கம் தோண்ட வந்த ஏழைகள், நல்லவர்கள். வெள்ளைக்காரத் தோண்டிகள் வேண்டாம் என்றார்கள், தொங்கவிட்டார்கள். பெரியவர்கள் முன்சீட்டில் இருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. தன் இளமைக் கால நண்பர்கள் கொண்டாடிய கொள்கையின் இன்னொரு முகத்தை, கிழவியான பிறகு இப்படி எழுதி வைத்தார். ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று கேட்டால், 1895-ன் மேரி மாட்டார், 1954-ன் மேரி வாசலில் வந்து வரவேற்றிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பதினாலு பேர் சம்பவம் உண்மையில நடந்ததா?

அந்தக் கவிதையே இடத்தின் பெயரை லாம்பிங் ஃப்ளாட் என்று சொல்கிறது. நியூ சவுத் வேல்ஸில் தங்கம் தோண்டிய இடம், அங்கே நடந்த கலவரம் பெயர் பெற்றது. சீனச் சுரங்கக்காரர்களை அடித்து விரட்டிய அந்தக் கலவரம் 1860-61-ல் நடந்தது. மேரி பிறந்ததே 1865. ஆகவே அதை அவர் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்க முடியாது.

இவருடைய நினைவுகள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 'ஓல்ட் டேஸ், ஓல்ட் வேஸ்' (1934), 'மோர் ரெகலெக்ஷன்ஸ்' (1935) என்ற இரண்டு நினைவு நூல்களில் ஆதிக்குடிகள் ஆறுகளில் மீன் பிடிக்கக் கல் அணைகள் கட்டியதையும், பறவைகள் முட்டையிடும் இடங்களைத் தொடாமல் காத்ததையும், வெள்ளையர் நடத்திய கொலைகளையும் எழுதினார். அறுபது வருடத்துக்கு முந்தைய சிறுவயது ஞாபகம், பெற்றோர் சொன்ன கதை, ஊர்ப்பேச்சு எல்லாம் கலந்தவை. லாசன் விஷயத்திலும் சங்க உறுப்பினர் விஷயத்திலும் இதே நிலைதான். தேதிக்கும் இடத்துக்கும் இவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். ஆனால் ஆஸ்திரேலிய வரலாற்று நூல்கள் அந்தக் கொலைகளைப் பேசாமல் கடந்துபோன காலத்தில், இந்த மண்ணில் இது நடந்தது என்று அச்சில் எழுதியவர் இவர். அந்தத் துணிச்சலுக்கான மதிப்பு குறையாது.

கம்யூனிஸ்ட்னு சொல்றாங்க, ஆனா ராஜா கொடுத்த டேம் பட்டமும் வாங்கியிருக்காங்களே?

ஆமாம், இரண்டும் இருந்தன. 1937-ல் இலக்கியச் சேவைக்காக டேம் பட்டம் (ஆண்களுக்குக் கொடுக்கும் 'சர்' பட்டம் மாதிரி) கிடைத்தது. அதன் பிறகு 1952-லிருந்து கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான 'டிரிப்யூன்'-ல் 'ஆரோஸ்' என்ற பத்தியை எழுதினார், அப்போது வயது 87. பத்து வருடம், சாகும் காலம் வரை எழுதினார். கட்சியில் சேரவில்லை. அணுகுண்டுக்கு எதிராக, அமைதிக்காக எழுத ஓர் இடம் வேண்டியிருந்தது; அவர்கள் கொடுத்தார்கள்.

பட்டத்தை அவர் தனக்கென்று வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கே எழுதுவது ஒரு வேலையே அல்ல என்று நினைத்த நாட்டில், எழுதுகிறவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று போராடியவர் அவர். 1928-ல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். அந்தப் பட்டம் அந்த வேலைக்கு உதவியது. சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் டார்லிங்ஹர்ஸ்ட் சாலையில் சின்ன அடுக்கக வீட்டில் இருந்தார். இளம் எழுத்தாளர்கள் கையெழுத்துப் பிரதியோடு படியேறி வருவார்கள்.

நீளக் கழுத்தோட ஒரு ஓவியம் பார்த்தேன், அதுவும் அவங்கதானா?

அவர்தான். வில்லியம் டோபெல் 1957-ல், அவருடைய 92-வது பிறந்தநாளையொட்டி வரைந்தது. கழுத்தும் உடலும் இயல்பைவிட நீண்டு, மகாராணி தோரணையில் இருப்பார். வயதான அம்மாவை அவமானப்படுத்திவிட்டார் என்று பலர் கோபப்பட்டார்கள். மேரிக்கு அது பிடித்திருந்தது. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் ஓவியக்கூடத்துக்கு அவரே கொடுத்துவிட்டார்.

முன்னாள் பிரதமர் ஸ்காட் மோரிசனுக்குச் சொந்தமாமே?

ஆமாம். மோரிசனின் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு மேரி அத்தை அல்லது பெரியம்மா முறை வரும் உறவு. 2012-ல், மேரி இறந்து 50 வருடம் ஆனபோது, மோரிசன் நாடாளுமன்றத்தில் அவரை நினைவுகூர்ந்து பேசினார். இருவரின் அரசியலும் நேரெதிர். கான்பெராவில் கில்மோர் என்ற புறநகரும், நியூ சவுத் வேல்ஸ் தென்கடற்கரையில் கில்மோர் என்ற நாடாளுமன்றத் தொகுதியும் இவர் பெயரில் இருக்கின்றன.

உண்மையைச் சொல்லுங்க, பெரிய கவிஞர்தானா?

நிறைய எழுதினார், நிறைய சுமாராகவும் எழுதினார். வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவருக்கு அது தவிர்க்க முடியாதது. நீதி சொல்லும் கவிதைகள் பல இன்று படிக்கும்போது தட்டையாக இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன 'நேஷனாலிட்டி', 'ஓல்ட் பாட்டனி பே', 'ஃபோர்ட்டீன் மென்' போல ஒரு பத்துப் பதினைந்து கவிதைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சொல்லை எடுக்க முடியாது. ஒரு மொழிக்கு அப்படிப் பத்துக் கவிதை கொடுத்தவரைப் பெரிய கவிஞர் என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

இதையெல்லாம் எங்கே படிக்கலாம்? காசு செலவாகுமா?

பத்திரிகை எழுத்துக்கு ஒரு காசும் வேண்டாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். தேடும்போது ஒன்று கவனியுங்கள்: 1913 வரை பத்திரிகையின் பெயர் 'தி ஒர்க்கர்', அங்கே அது வாகா பதிப்பாகப் பதிவாகியிருக்கும், அதற்குப் பிறகு 'தி ஆஸ்திரேலியன் ஒர்க்கர்'. இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். இயந்திரம் படித்த எழுத்தில் பிழைகள் இருக்கும், பக்கத்தின் படத்தையே திறந்து படியுங்கள். கவிதைகள் முழுவதையும் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பதிப்பகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. விலை கூடுதல் என்பதால் உங்கள் வட்டார நூலகத்தில் சொல்லி வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கக் கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு என்றால், 1908-ம் வருடத்துப் பெண்கள் பக்கம் ஒன்றை எடுத்து, அதில் வந்த வாசகி கடிதத்தையும் மேரியின் பதிலையும் வைத்து எழுதச் சொல்லுங்கள்.